கோழி எரு வாசமுள்ள கன்வெர்ட்டிபிள்

ஈப்போவில் இருக்கும் என் மச்சானுக்கு ஒரே ஒரு ஆசை. 1965-ஆம் வருஷத்து மஸ்டாங், சிவப்பு நிறம், கூரை மடங்க வேண்டும். அதில் ஏறி கேமரன் மலைக்கு வந்து, சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவில் தலைமுடி பறக்க ஒரு சுற்று சுற்ற வேண்டும். கார் வாங்கக் காசு இல்லை. பறக்கத் தலைமுடியும் அதிகம் இல்லை. ஆனாலும் ஆசைக்கு யார் ரோட் டேக்ஸ் கேட்கிறார்கள்?

ரோட் டேக்ஸ் என்றதும்தான் ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அவன் கேட்கும் மஸ்டாங்கில் இருப்பது 4.7 லிட்டர் வி8. நம் நாட்டில் வரி சிசியைப் பார்த்துத்தான். 3,000 சிசியைத் தாண்டினால் அடிப்படை 2,130 வெள்ளி; அதற்குமேல் ஒவ்வொரு சிசிக்கும் நாலரை வெள்ளி. சாதாரணக் காருக்கான கணக்கில் பார்த்தால் வருஷத்துக்குப் பத்தாயிரத்தை முட்டுகிறது.

"பழைய காடின்னு சொல்லி சலுகை கேட்கலாம் மாமா."

"கேளு. அப்புறம் ஸ்டியரிங் இடது பக்கம் இருக்குமே, அதுக்கு யார்கிட்ட கேட்ப?"

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். இதில் நேராக ஓடும் இடத்தை விரல்விட்டு எண்ணலாம். முன்னால் ஒரு காய்கறி லோரி முக்கிக்கொண்டு ஏறும். இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு அந்த லோரியின் பின்கதவைத் தவிர வேறெதுவும் தெரியாது. வலது பக்கம் இருக்கிறவர் எட்டிப் பார்த்து, "ம், போகலாம்" என்று உத்தரவு கொடுக்க வேண்டும். அங்கே உட்காரப் போகிறவள் அவன் அக்கா, அதாவது என் மனைவி. "அஞ்சு நிமிஷத்துல வந்துடுறேன்" என்று அவள் சொன்னதை நம்பி, புடவைக் கடை வாசலில் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறேன். அவள் பேச்சைக் கேட்டு லோரியை முந்த மாட்டேன்.

இத்தனைக்கும் ஓர் அமெரிக்க கன்வெர்ட்டிபிள் என் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. எழுபதுகளில் செய்த சீரிஸ் த்ரீ லேண்ட் ரோவர், கேன்வாஸ் கூரை. அது ஆங்கிலேயன் வண்டிதானே என்பீர்கள். குலம் கோத்திரம் விசாரிக்க வேண்டும். ரோவர் கம்பெனியின் எஞ்சினியர் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸில் உள்ள தன் பண்ணையில் போரில் மிஞ்சிய அமெரிக்க ஜீப் ஒன்றை வைத்து உழைத்துக்கொண்டிருந்தார். இதைப்போல் நாமே ஒன்று செய்தால் என்ன என்று தோன்றியது. 1947-இல் செய்த முதல் மாதிரி ஜீப்பின் சேசிஸ்மேலேயே உட்கார்ந்தது. அதில் ஸ்டியரிங் நட்டநடுவில் இருந்தது. இடதா வலதா என்ற பஞ்சாயத்தே வரக்கூடாது என்ற நல்ல எண்ணம். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வண்டி வெளியே வந்தபோது ஸ்டியரிங் ஒதுங்கிவிட்டது, ரத்தம் ஒதுங்குமா? பாட்டன் அமெரிக்கன்தான்.

இன்னொரு சம்பந்தமும் உண்டு. ப்யூயிக் 1961-இல் கொண்டுவந்த அலுமினிய வி8 எஞ்சினை அமெரிக்கர்கள் சீக்கிரமே கைவிட்டார்கள். ரோவர் 1965-இல் அதன் உரிமையை வாங்கி, 1979-இல் லேண்ட் ரோவருக்குள்ளும் இறக்கியது. என்னுடையது அதல்ல; நாலு சிலிண்டர், 2,286 சிசி. இருந்தாலும் சொந்தத்தில் ஒருவன் பணக்காரனாக இருந்தால் நமக்கும் கொஞ்சம் மரியாதைதானே.

மச்சானுக்கு மஸ்டாங் ஒரு மசில் கார். மசில் கார் என்றால் எஞ்சினில் சதை இருக்க வேண்டும். 1964-இல் 6.4 லிட்டர் எஞ்சினோடு வந்த பொண்டியாக் ஜிடிஓதான் மூத்தது, மஸ்டாங் வெறும் 'போனி கார்' என்று வாதாடும் பண்டிதர்கள் உண்டு. மச்சானிடம் இதைச் சொன்னால் இரண்டு நாள் பேச மாட்டான். என் வண்டியில் சதை முழுக்க ஓட்டுகிறவனுக்கு. பவர் ஸ்டியரிங் கிடையாது. கியா ஃபார்ம் சந்தை நெரிசலில் ஒருமுறை திருப்பி நிறுத்தினால் அன்றைக்கு உடற்பயிற்சி முடிந்தது. போன தீபாவளிக்குச் சட்டை அளவெடுத்த தையல்காரர், "உங்களுக்கு வலது கைக்குத் தனியா துணி எடுக்கணும் போல" என்றார்.

கூரை விஷயத்துக்கு வருவோம். மஸ்டாங்கில் பொத்தானை அமுக்கினால் கூரை தானாக மூடும் வசதி கிடைத்தது. என் கேன்வாஸைக் கயிறு இழுத்து முடிச்சுப் போட்டு மூட இருபது நிமிஷம் ஆகும். இந்த மலையில் வருஷத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மேகம் தெரிந்து தூறல் விழ நாலு நிமிஷம். மீதிப் பதினாறு நிமிஷத்தில் என் குடும்ப வாழ்க்கை நடக்கிறது.

போன மாதம் தானா ராத்தாவில் ஒரு கல்யாணம். மனைவி காஞ்சிப் பட்டில் ஏறி உட்கார்ந்தவள், மூக்கைச் சுருக்கினாள்.

"என்னங்க, நேத்து இதுல என்ன ஏத்துனீங்க?"

கோழி எரு. கோஸ் பாத்திக்கு ஆறு மூட்டை. ஐந்தை இறக்கிவிட்டேன். ஆறாவது பின்னால் இருந்தது. அதன்மேல் சாக்கை விரித்து மச்சானை உட்கார வைத்திருந்தேன். சொல்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நான் கயிறைத் தேட, அவள் வண்டிக்குள்ளேயே குடையை விரித்தாள். குடைக்கம்பி என் காதில். "அப்படியே ஓட்டுங்க, முகூர்த்தம் போயிடும்" என்று உத்தரவு.

பிரிஞ்சாங் தாண்டி நெரிசலில் நின்றபோது, பக்கத்துச் சுற்றுலா பஸ்ஸில் ஜன்னல் ஜன்னலாகக் கைப்பேசிகள் எழுந்தன. யாரோ ஒரு வெள்ளைக்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். மச்சான் கொட்டும் மழையில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, முழங்கையைப் பக்கத் தகட்டின்மேல் சாய்த்து, நனைந்த நாலு முடியையும் பின்னால் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"மாமா, மெதுவா போங்க," என்றான். "எடுத்து முடிக்கட்டும்."