முதுகுமூட்டைப் பிரயாண சாஸ்திரம்: மல்கிரேவ் ஆதாரங்களைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி

உலகத்தில் ஆராயப்படாத பொருள் ஒன்றும் எஞ்சவில்லை என்று பெருமை பேசும் பண்டிதர்கள், முதுகில் பெருமூட்டையொன்றைச் சுமந்து, கடல் கடந்து, முன்பின் அறியாதார் தோட்டத்தில் கூலியின்றிக் களை பிடுங்கி, அதையே தம் ஜன்மத்தின் மகத்தான அனுபவமாக ஊருக்கு எழுதியனுப்பும் வாலிபர்களைப் பற்றி இன்றுவரை ஒரு சூத்திரமாவது செய்துவைத்தாரில்லை. ஒரு புள்ளி எழுத்தின் மேலதா அருகதா என்று மூன்று தலைமுறையாக வழக்காடி வருகிறவர்களுக்கு இதற்கு அவகாசம் வாய்க்காதது இயல்பே. அக்குறையை நிவர்த்திக்கும் பொருட்டு, மல்கிரேவ் என்னும் ஊரில் கிடைத்த சான்றுகளைக் கொண்டு இவ்வாராய்ச்சி செய்யப்பட்டது. சான்றுகள் குறைவாயினும் முடிவுகள் ஏராளமாக இருப்பதால், நடைமுறையில் உள்ள ஆய்வுநெறிக்கு இது யாதொரு விரோதமும் செய்யவில்லை என்பதை முதற்கண் விண்ணப்பித்துக்கொள்கிறேன்.

முதலில் இட நிர்ணயம். ஆஸ்திரேலியாவில் மல்கிரேவ் என்னும் பெயர் ஓரிடத்திற்கு மட்டும் உரியதன்று. மெல்பர்னுக்குத் தென்கிழக்கே, மோனாஷ் நகரசபையைச் சேர்ந்து, 3170 என்னும் அஞ்சல் எண்ணுடன், 1970-இல் திறக்கப்பட்டுப் பிறகு சுற்றிலும் வீட்டுமனைகளாகிவிட்ட வேவர்லி பார்க் கால்பந்து மைதானத்தைத் தன்னகத்தே கொண்டு விளங்குவது ஒன்று. சிட்னிக்கு வடமேற்கே, வின்ட்ஸர் பக்கத்தில், ரிச்மண்ட் ரயில் பாதையில் இருப்பது மற்றொன்று. குயின்ஸ்லாந்தில் கெய்ர்ன்ஸுக்குத் தெற்கே கரும்புக் கொல்லைகளினூடே ஓடும் ஆறு ஒன்றுக்கும் இதே பெயர்; ஆற்றில் யாரும் அறை வாடகைக்கு எடுப்பதில்லையாதலால் அதை விட்டுவிடலாம். வஞ்சி மாநகர் கருவூரா, கொடுங்கோளூரா என்று நம் புலவர்கள் இரு கட்சியாகி எழுதிய ஏடுகளைக் கொண்டே ஒரு கோட்டைக்கு மதில் எழுப்பிவிடலாம். மல்கிரேவுக்கு அந்த யோகம் இன்னும் வாய்க்காதது வருந்தத்தக்கது. எனினும் பிரச்சினை தீர்க்க முடியாததன்று. மெல்பர்ன் மல்கிரேவுக்கு ரயில் நிலையம் கிடையாது. சிட்னிப் பக்கத்து மல்கிரேவுக்கு உண்டு. ஆகவே, ‘மல்கிரேவில் ரயிலை விட்டு இறங்கினேன்’ என்று எழுதுகிறவன் சிட்னி மரபினன் என்றும், ‘ஸ்பிரிங்வேல் சாலையில் 902-ஆம் எண் பேருந்தை விட்டு இறங்கி மூட்டையோடு நடந்தேன்’ என்று புலம்புகிறவனே மெல்பர்ன் மரபினன் என்றும் ஐயமறத் துணியலாம். ஓர் ஊருக்குப் புறப்பட்டு வேறோர் ஊரில் எழுந்திருப்பது பிரயாணிகளுக்குப் புதிதன்று. கயிலாயத்துக்குப் புறப்பட்ட திருநாவுக்கரசர், மூழ்கிய பொய்கையினின்று திருவையாற்றில் எழுந்த வரலாறு யாவரும் அறிந்ததே. அப்பரைப் பற்றிப் பின்னர் விரியும்.

இனி வகை. முதுகுமூட்டைப் பிரயாணிகள், அதாவது உலக வழக்கில் பேக்பேக்கர்கள், ஐவகையர் என்பர் ஒரு சாரார். எழுவகையர் என்பர் பிறிதொரு சாரார். இரு சாராரும் பிரயாணிகளைக் கண்ணால் கண்டதில்லையாதலின், இரண்டையும் கூட்டிப் பன்னிரண்டு என்று கொள்வதே நடுநிலை. அவற்றுள் ஊர் பார்க்க மட்டுமே வந்தவன் முதல் வகை, இவ்வினம் அருகிவிட்டது. தன்னைத் தேட வந்தவன் இரண்டாம் வகை. கிடைத்ததாகத் தகவல் இல்லை. விசாவை இன்னோராண்டு நீட்டிக்கும் பொருட்டு, நாட்டுப்புறத்தில் உழைத்த நாள்களை 88 வரை விரல்விட்டு எண்ணுகிறவன் மூன்றாம் வகை. சித்தப்பாவின் சிநேகிதர் வீட்டில் ‘ஒரு வாரம் மட்டும்’ தங்குகிறவன் நான்காம் வகை. மல்கிரேவுக்கே சிறப்பாக உரியவன் இவன். ஏனைய எட்டு வகையும் இந்நான்கினுள் அடங்கும் என்க.

இவர்கள் இத்தேசத்துக்குள் பிரவேசிக்கும் முறை, சோழர் காலத்துக் குடவோலையினின்றும் சிறிதும் வேறுபட்டதன்று என்பதை இதுகாறும் ஒருவரும் சுட்டிக்காட்டாதது வியப்பு. விடுமுறையில் வந்து வேலையும் செய்யலாம் என்னும் இந்த ஏற்பாட்டை ஆஸ்திரேலியா 1975-இல் பிரிட்டன், அயர்லாந்து, கனடா ஆகிய நாட்டு இளைஞர்களுக்காகத் தொடங்கியது. இந்தியருக்கு அக்கதவு திறந்தது 2024 செப்டம்பர் 16-ஆம் நாள். ஆண்டுக்கு 1,000 இடம்; குலுக்கலில் பெயர் பதிய 25 டாலர்; முதல் குலுக்கலுக்கே பெயர் கொடுத்தவர் ஏறத்தாழ 40,000 பேர். உத்தரமேரூரில் குடத்தினின்று ஓலையை எடுத்தது ஒரு பாலகன்; கான்பெராவில் எடுப்பது கம்ப்யூட்டர்; இது சிறு பேதம். அங்கே இறை செலுத்தும் நிலம் கால் வேலியேனும் வேண்டும் என்றார்கள். இங்கே கையிருப்பு 5,000 டாலர் வேண்டும் என்கிறார்கள். அங்கே வேதத்தில் பயிற்சி; இங்கே பள்ளிப்படிப்புக்கு மேல் இரண்டாண்டுப் படிப்பு. வயதில்தான் ஒரு நுட்பம் இருக்கிறது. விசாவுக்கு வயது 18 முதல் 30 வரை. முதலாம் பராந்தகனின் 919-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, 30-க்கு மேல் 60-க்குள் உள்ளவர் பெயரே குடத்தில் இடப்படும் என்றது, ஆகவே விசாவுக்கு வயது கடந்த மறுதினமே ஒருவன் ஊர்ச்சபைக்கு யோக்கியனானான், இடைவெளியில்லை. 921-இல் செய்த திருத்தமோ 35-க்கு மேல் 70-க்குள் என்று மாற்றி, அந்த அழகிய தொடர்ச்சியை அறுத்துவிட்டது. இதனால் 31 முதல் 35 வரை வயதுள்ளவன் எந்தக் குடத்திலும் ஓலையாகான் என்பது பெறப்படும். இந்தச் சூனியமான ஐந்தாண்டில் அவன் செய்வது யாது? தமிழ்நாட்டுப் பல்கலைக்கழக ஆதாரங்களின்படி, முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்வான்.

அடுத்து மூலச் சான்றுகள். பிரயாணிகளின் வாழ்க்கையை அறிய அவர்களிடமே கேட்கலாமே என்று சிலர் பாமரத்தனமாக வினவக்கூடும். உயிரோடிருப்பவனை விசாரித்து எழுதுவது பத்திரிகைத் தொழில். ஆராய்ச்சிக்கு வேண்டியது கல்வெட்டு. மல்கிரேவில் அறுவர் கூடிக் குடியிருக்கும் ஒரு வாடகை வீட்டுச் சமையலறையில், இதுவரை எந்தத் தொகுதியிலும் பதிப்பிக்கப்படாத சாசனங்கள் நிறைந்த ஃபிரிட்ஜ் ஒன்று இருப்பதை அறிந்து, அவற்றைப் படியெடுத்தேன். சாசனங்கள் பெரும்பாலும் ஒட்டுத்தாளில் மார்க்கரால் பொறிக்கப்பட்டவை.

பழமையானதும் எளியதுமான வடிவம், பெயர் மட்டும் எழுதுவது (மேல்தட்டு, முட்டைப்பெட்டி, நீல மை, நன்னிலை). அடுத்த வளர்ச்சி, உடைமைப் பிரகடனம்: ‘இது என் சாம்பார்’ (இரண்டாம் தட்டு, இடப்புறம், எவர்சில்வர் தூக்கு, மூடியின் வெளிப்புறம், வரி 1). இதில் ‘என்’ என்பது சாம்பாரைத் தழுவுமா, தூக்கைத் தழுவுமா என்பது பெரும் விவாதத்துக்குரியது. தூக்கு அதே தெருவிலுள்ள ஓர் ஆன்டியுடையது. சாம்பாரும் அவ்வம்மையாரே வைத்தது. எனவே எழுதினவனுக்கு எஞ்சும் உரிமை ஒட்டுத்தாள் அளவினதே என்பது என் துணிபு. மூன்றாம் வடிவம் எல்லைச் சாசனம்: பால் கேனின் புறத்தே, பால் நிற்கும் மட்டத்தில் ஒரு கோடு கிழித்து, தேதியும் இடுவது (கதவுப்பகுதி, கீழ்த்தட்டு, இரண்டு லிட்டர்க் கேன், வடக்கு முகம், கோடும் கையொப்பமும்). நான் படியெடுத்த காலத்தில் கோட்டுக்கும் பாலுக்கும் இடையே மூன்று விரற்கடை வெளி இருந்தது. அது காலத்தினால் நேர்ந்த ஆவியாதல் என்பது எதிர் அறையாரின் சித்தாந்தம். கேனுக்கு உரியவர் வேறு சித்தாந்தம் உடையவர். அதன் சொற்கள் அச்சுக்கு ஏற்றனவல்ல.

இவையனைத்தினும் சிரேஷ்டமானது இட்லி மாவுப் பாத்திரத்துச் சாசனம். அதன் பாடம் சிதைந்திருப்பினும், தொட்டவனுக்கு நேரவிருக்கும் வயிற்று உபாதைகளை வரிசையாகக் கூறும் ஓம்படைக்கிளவி அது என்பதில் சந்தேகமில்லை (மூன்றாம் தட்டு, உட்புறம், பழைய ஐஸ்கிரீம் டப்பாவாயிருந்து மாவுப் பாத்திரமானது, பக்கவாட்டில் நான்கு வரி, இரண்டாம் வரியின் பிற்பகுதி மாவு பொங்கியதால் அழிந்தது, நான்காம் வரியின்மேல் பிற்கால மாங்காய் ஊறுகாய்ப் படிவு, அதை இரண்டாம் அடுக்கு நாகரிகமாகக் கொள்க). தர்மத்துக்குத் தீங்கு செய்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற தோஷமடைவான் என்று நம் அரசர்கள் கல்லில் வெட்டியதன் நேர்வாரிசு இதுவே. ஒரே வேறுபாடு: அரசர்கள் சாபமிட்டது கொடுத்த பொருளைக் காக்க, இவன் சாபமிடுவது கொடாத பொருளைக் காக்க. ரொட்டியில் தடவும் வெஜிமைட் புட்டி ஒன்றும் அங்கே காணப்பட்டது. அதற்குக் குளிர்பெட்டியே வேண்டியதில்லையாதலின், வைத்தவன் வந்து இறங்கிச் சில நாளே ஆன பரதேசி என்று காலநிர்ணயம் செய்யலாம்.

தானச் சாசனம் அறவே இல்லையோ எனின், உண்டு; குளிர்பெட்டிக்கு வெளியே, அடுப்புக்கு மேலுள்ள தட்டில். ஊரை விட்டுப் போகிறவன் மூட்டையில் அடங்காத அரைப் பை அரிசியையும், கால் பாக்கெட் உப்பையும், பாஸ்டா என்னும் மாவுப் பண்டத்தையும் அதில் வைத்துவிட்டு, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிவிட்டுப் போகிறான். ஒரத்தநாட்டில் சரபோஜி மன்னர் எழுப்பிய முத்தாம்பாள் சத்திரத்துக்குக் கிராமங்கள் மானியமாக இருந்தன. இந்தத் தட்டுக்கு மானியம் விமானக் கம்பெனியின் எடைக் கட்டுப்பாடே. எண்ணிப் பார்த்தால், பெயர் தெரியாத ஒருவன் விட்டுப்போன உப்பில் பெயர் தெரியாத இன்னொருவன் உலை வைப்பது அப்படியொன்றும் பரிகாசத்துக்குரிய விஷயமன்று. ஆயினும் இது ஆய்வுக்குப் புறம்பானது.

தொண்டுக்கு வருவோம். 1971-இல் லண்டனில் காரியதரிசியாக வேலை பார்த்த ஸூ காப்பர்ட் என்னும் பெண்மணி, நகரவாசிகள் வாரக்கடைசியில் இயற்கைப் பண்ணைகளுக்குப் போய் உழைக்கலாமே என்று எண்ணி நால்வரோடு தொடங்கியதே ‘வூஃப்’ என்னும் இயக்கம். 1981-இல் அது ஆஸ்திரேலியாவுக்கு வந்தது. நாளொன்றுக்கு நாலு முதல் ஆறு மணி நேரம் களை பிடுங்குவது. பதிலுக்கு உணவும் உறையுளும். இது மேனாட்டார் கண்டுபிடிப்பு என்பது பிழை. ஏழாம் நூற்றாண்டிலேயே திருநாவுக்கரசர் உழவாரப் படையைக் கையிலேந்தி, ஊர் ஊராக நடந்து, கோயில் பிராகாரங்களில் புல் செதுக்கினார். திருப்பைஞ்ஞீலி வழியில் பசித்தபோது இறைவனே கட்டுச்சோறு கொண்டுவந்து கொடுத்தான். உழைப்பும் உணவும் மாற்றாகும் ஒப்பந்தம் இதில் பூரணமாக அமைந்திருத்தலின், உலகின் முதல் வூஃபர் அப்பரே. எல்லாம் நம்மிடமிருந்தே போயின என்று நிறுவாமல் முடியும் ஆராய்ச்சிக்குத் தமிழில் பதிப்பாளர் அகப்படுவதில்லை என்பதையும் நான் மறக்கவில்லை.

இதனினும் நுட்பமானது திருவீழிமிழலைச் செய்தி. பஞ்சகாலத்தில் அப்பருக்கும் சம்பந்தருக்கும் அங்கே நாள்தோறும் படிக்காசு அருளப்பட்டது; கைத்தொண்டு செய்த அப்பருக்கு நல்ல காசும், சம்பந்தருக்கு மாற்றும்போது வட்டம் பிடிக்கப்படும் வாசியுள்ள காசும் கிடைத்தன. ஒரே ஊரில் ஒரே நாளில் இருவர் பெறும் காசில் ஒருவருக்கு மட்டும் பிடித்தம் என்னும் இந்நியாயம் ஆஸ்திரேலியாவில் 2017 ஜனவரி முதல் அமலுக்கு வந்தது: விடுமுறை விசாக்காரனுக்கு முதல் டாலரிலிருந்தே 15 விழுக்காடு வரி, அவனோடு நின்று அதே மரத்தில் பழம் பறிக்கும் உள்நாட்டானுக்கு 18,200 டாலர் வரை வரியில்லை. சம்பந்தர் ஒரு பதிகம் பாடி வாசியைத் தீர்த்துக்கொண்டார். பிரிட்டிஷ் பெண் ஒருவர் வழக்குத் தொடுத்து, 2021 நவம்பரில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தில், இரு நாட்டு வரி உடன்படிக்கைக்கு விரோதமான பாரபட்சம் இது என்று தீர்ப்புப் பெற்றார். பதிகத்துக்குச் செலவு குறைவு.

கூலியற்ற தொண்டும் ஒரு காலத்தில் இரண்டாம் ஆண்டு விசாவுக்குக் கணக்கில் ஏறிற்று. 2015 டிசம்பர் 1 முதல், கூலிச்சீட்டு இல்லாத உழைப்பு உழைப்பாகாது என்று விதி செய்தார்கள். இவ்விதியின் முழு வீச்சையும் நான் மல்கிரேவில்தான் கண்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பல்லாண்டாக அங்கே வாழும் ஒரு பெரியவர் வீட்டில், திருநெல்வேலியிலிருந்து குலுக்கலில் தேறி வந்த நான்காம் வகைப் பையன் ஒருவன் தங்கியிருந்தான்.

“தம்பி, வெயில் ஏற முதல் உந்தப் புல்லை ஒருக்கா வெட்டி விடுவீரோ?” என்பார் அவர்.

“அதுக்கென்னண்ணே, வெட்டிருவோம்” என்பான் இவன்.

புல்லுக்குப் பின் சிவப்பு, மஞ்சள், பச்சை மூடியிட்ட குப்பைத்தொட்டிகளை உரிய கிழமையில் உரிய வரிசையில் தெருவுக்குத் தள்ளுவது. அதன்பின் பேரப்பிள்ளைக்கு ஆத்திசூடி. ஞாயிறன்று காரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில் அன்னதானத்துக்குப் பூசணிக்காய் நறுக்குவது. இவற்றுள் எது வேலை, எது தொண்டு, எது விருந்தினன் கடமை? கூலிச்சீட்டில்லை, ஆகவே வேலையன்று. எந்த இயக்கத்திலும் பதிவில்லை, ஆகவே தொண்டன்று. 3170 என்னும் அஞ்சல் எண்ணோ நாட்டுப்புறப் பட்டியலிலேயே இல்லை. ஆகவே விசா விதிகளின் பார்வையில் அந்தப் புல் வெட்டப்படவே இல்லை. தாம் ஒரு பிள்ளைக்குச் சோறு போட்டு ஆதரிப்பதாகப் பெரியவர் கருதினார்; ஒரு முதியவருக்குத் தான் ஒத்தாசையாயிருப்பதாகப் பையன் கருதினான்; இருவர் சொல்வதும் மெய்யாயிருந்தது ஆராய்ச்சிக்குப் பெரும் இடையூறாகிவிட்டது.

நாள்கள் ஏறாமையால் பையன் மில்டூராப் பக்கம் திராட்சை பறிக்கப் போய்விட்டான். அங்கே கூடைக்கணக்கில் கூலி பேசினாலும், 2022 ஏப்ரல் 28 முதல் மணிக்கணக்குக் கூலிக்குக் குறையக்கூடாது என்னும் உத்தரவு இருக்கிறது. பெரியவர் இப்போது, புல் வெட்டக்கூடிய நல்ல பிள்ளை யாரும் தெரியுமா என்று என்னிடம் விசாரித்து வருகிறார். வயது 31 முதல் 35 வரையானாலும் தமக்கு ஆட்சேபம் இல்லையென்றும், முனைவர் பட்டம் வாங்கியவராயிருந்தால் முதல் நாள் மட்டும் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுப்பதாகவும் சொல்கிறார்.