75 சதவீதக் கணக்கு

கேள்வி: கல்லூரி மாணவர்கள் எந்நேரமும் '75, 75' என்கிறார்களே, அது என்ன?

பதில்: வருகைப்பதிவு. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் பருவத் தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். மருத்துவச் சான்றிதழ் இருந்தால் 65 வரை தளர்வு உண்டு. 400 பீரியட் நடந்தால் 100-ஐத் தவறவிடலாம். அந்த நூற்றைக் காய்ச்சலுக்கும் அக்கா கல்யாணத்துக்கும் மிச்சம் பிடிக்கத்தான் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஐந்தைந்து கோடாகக் கிழித்து வைக்கிறார்கள். கணிதத்தில் அரியர் வைத்தவருக்கும் இந்தக் கணக்கு பிசகாது. இரண்டு பேருந்து மாறி வருகிறவருக்குத் தாமதத்துக்காக ஆப்சென்ட் போடுவதுதான் அநியாயம்: முதல் பீரியடில் அவர் பெயரைக் கூப்பிடும்போது, பையை மார்போடு அணைத்தபடி அவர் இன்னும் படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருக்கிறார்.