நிலா காட்டிய கை

கேள்வி: என் மகள் அடுத்த வாரம் ராணுவ அதிகாரிப் பயிற்சிக்குப் பரங்கிமலை போகிறாள். ஊரே பாராட்டுகிறது. எனக்கோ பெருமையும் அழுகையும் சேர்ந்தே வருகின்றன. இது சரியா?
- ஒரு தாய், தேனி

பதில்: ரொம்பச் சரி, அம்மா! இரண்டும் ஒரே கண்ணிலிருந்து வரும் தண்ணீர்தான். எதற்கு எது என்று பிரிக்க வேண்டாம்.

உங்கள் மகள் ஏறப்போகும் மலையில் 1963 முதல் அதிகாரிகள் உருவாகிறார்கள். 1992-ல் அங்கே பெண்களுக்கும் கதவு திறந்தது. அன்று முதலாவதாகப் பெண்ணை அனுப்பிய தாய்களுக்கு, முன்னே போய்வந்தவர்களைக் கேட்கக்கூட வழியில்லை. உங்களுக்கு 30 ஆண்டுக்கும் மேலான துணை இருக்கிறது.

பயிற்சி ஏறக்குறைய 49 வாரம். அவளுக்கு ஓட்டம், அணிவகுப்பு, ஆயுதப் பயிற்சி. உங்களுக்குக் காத்திருப்பு. இதில் உங்கள் பாடம்தான் கடினம். சொல்லித்தர ஆசிரியரும் கிடையாது. அவள் போனில் இரண்டே வார்த்தை பேசிவிட்டு வைத்தால் கலங்காதீர்கள். பாசம் குறையவில்லை, தூக்கம்தான் குறைந்திருக்கிறது. முறுக்கைப் பிறகு அனுப்பலாம். முதலில் கடிதம் எழுதுங்கள். களைத்த இரவில் திரும்பத் திரும்பப் படிக்க அது இருக்கும்.

பயிற்சி நிறைவு நாளில் பெற்றோரை அழைப்பார்கள். மகளின் தோளில் லெப்டினன்ட் பதவிக்குரிய இரண்டு நட்சத்திரங்களை அணிவிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நிலாவைக் காட்டிச் சோறூட்டிய கை, அன்று நட்சத்திரம் சூட்டும். அதுவரை அழ வேண்டுமானால் அழுங்கள். வழியனுப்பும்போது மட்டும் சிரித்த முகத்தைக் கொடுத்தனுப்புங்கள். பெட்டியில் அதற்கு எடையே இல்லை.