மாடி வளந்துச்சு, பஸ்ஸு வளரலையே!

ஏலே பேராண்டி, சென்னை மந்தவெளியில வீடு பாக்கப் போறியாமே? சந்தோசம். விலையக் கேட்டேன், போட்ட வெத்தலை தொண்டையிலயே நின்னுக்கிட்டு. எங்க ஊருல அந்தக் காசுக்கு ஒரு தெருவையே பத்திரம் பண்ணிக் குடுத்து, வாசல்ல கோலமும் போட்டுக் குடுப்பாக.

போவட்டும். பில்டர் குடுத்தானே, வழவழன்னு ஒரு காயிதம், அத இங்க காட்டு. மொட்டை மாடியில நீச்சல் குளம். சரி. உடம்பக் கொறைக்க ஜிம்மு. சரி. 'மெட்ரோ 5 நிமிடம், பஸ் நிறுத்தம் 2 நிமிடம்'. ஆங், இங்கதான் நிக்கணும். இந்த ரெண்டு நிமிசம் யாரு வீட்டுச் சொத்துலே? நிறுத்தத்த அவனா கட்டுனான்? வண்டிக்கு அவனா டீசல் ஊத்துதான்? மாநகரப் போக்குவரத்துக் கழகம் ஓட்டுது, பில்டர் விக்கான், நீ வாங்குத. நிறுத்தம் ரெண்டு நிமிசத்துல இருக்குன்னு போட்டவன், பஸ்ஸு எத்தனை நிமிசத்துல வரும்னு போட்டானா? போட மாட்டான். அவன் வெவரமானவன்.

மயிலாப்பூரயும் அடையாறயும் நல்லா சுத்திப் பாத்தியாலே? முன்ன ஒரு கிரவுண்டுல ஒரு வீடு, வாசல்ல ஒரு திண்ணை, ஒரு குடும்பம். இப்ப வீட்டுக்காரரும் பில்டரும் ஜாயிண்ட் வென்சர் போட்டு இடிச்சுக் கட்டுதாக. திண்ணையில மனுசன் உக்காந்த எடத்துல கார் உக்காருது. அதுக்குப் பேரு ஸ்டில்ட்டாம். மேல நாலு குடும்பம், ஆறு குடும்பம். கட்டக் கூடாதுன்னு நான் சொல்லல. ஊருக்குள்ள ஆளுக பக்கத்துல பக்கத்துல இருந்தாத்தான் பஸ்ஸும் நெறையும். ஆனா, நாலு குடும்பத்துக்கு இருக்க பஸ்ஸு ஒரு குடும்பத்துக்கு இருந்த அதே பஸ்ஸுதான்னா, அது என்ன கணக்குலே?

2019-ல கட்டட விதிய மாத்துனாக. அதுக்கு முன்ன சாதா கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ 1.5, இப்ப 2. அதாவது 2,400 சதுர அடி கிரவுண்டுல முன்ன 3,600 அடி கட்டலாம், இப்ப 4,800 அடி கட்டலாம். உசரமான கட்டடத்துக்கு 3.25. அதுவும் பத்தலைன்னா சர்க்காருக்குத் தனியாப் பணம் கட்டி, பிரீமியம் எஃப்எஸ்ஐன்னு இன்னும் வாங்கிக்கலாம். அது எதப் பாத்துக் குடுக்காக தெரியுமா? ரோட்டு அகலத்தப் பாத்து. 18 மீட்டர் ரோடுன்னா பாதிக்குப் பாதி கூட. 12 மீட்டருக்கு மேலன்னா 40 சதவீதம். 9 மீட்டருக்கு மேலன்னா 30. ரோட்டுக்கு டேப்பு பிடிச்சு அளந்தாச்சு. அந்த ரோட்டுல எம்புட்டு நேரத்துக்கு ஒருக்கா பஸ்ஸு வருதுன்னு எவனாவது அளந்தானா? அகலமா இருந்தாப் போதுமாலே? ரோடு தானா ஆளத் தூக்கிக்கிட்டு ஓடுமா?

இன்னொரு கூத்தையும் கேளு. கார் நிறுத்த எடம் காட்டலைன்னா பிளான் பாஸாகாது. சட்டம் அப்படி. பஸ்ஸுக்கு நிக்கிறவன் ஒதுங்க எடம் காட்டணும்னு அதுல எழுதல. கார் வச்சிருக்கவன் வெயில்ல நிக்கப்படாது, காரும் நிக்கப்படாது. பஸ்ஸுக்கு நிக்கிறவன் நல்லா நிக்கலாம். அவன்தான் நிக்கிறதுக்கின்னே பொறந்தவனாச்சே!

பில்டர் சும்மா கட்டிட்டுப் போறான்னு நெனைச்சிராத. 1971-ஆம் வருசத்து நகர ஊரமைப்புச் சட்டத்துல 2007-ல ஒரு திருத்தம் போட்டாக. புதுசாக் கட்டுறவன் சதுர மீட்டருக்கு இம்புட்டுன்னு உள்கட்டமைப்பு, அடிப்படை வசதிக் கட்டணம் கட்டணும். நீ புது ஆளக் கொண்டாந்து எறக்குத, தண்ணி, சாக்கடை, ரோடு எல்லாத்துக்கும் பாரம் கூடுது, அதனால குடுன்னு. நல்ல ஞாயந்தான். யாரு போட்டாலும் கையெடுத்துக் கும்புடணும். ஆனா அந்தக் காச அவன் மடியில இருந்தா எடுத்தான்? ஒன் சதுர அடியில ஏத்திட்டான்லே. வரவேற்பறைத் தரையில மார்பிள் எம்புட்டுன்னு நாலு கடை ஏறி விசாரிக்கியே, அந்தத் தரைக்கு அடியில கெடக்க கட்டணம் எம்புட்டுன்னு ஒருக்காவாவது விசாரிச்சியா?

அந்தக் காசு எங்க போவுது? கோட்டையில இருக்க பொதுக் கணக்குக்குப் போவுது. அங்கருந்து பெரிய பெரிய வேலைக்குப் போவுது. மந்தவெளியில வாங்குனத மந்தவெளி பஸ்ஸுக்குக் குடுன்னு எந்த விதியும் இல்ல. சென்னையில பெரிய வேலைன்னா என்னன்னுதான் தெரியுமே. திறப்பு விழா நடத்தத் தோதா இருக்கணும், ரிப்பன் கட்ட ரெண்டு தூணு வேணும். 29சி பஸ் தடத்துக்கு ரெண்டு வண்டி கூட விட்டா ரிப்பன எதுல கட்டுறது? வண்டிதான் ஓடிருமே!

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதான் சிஎம்டிஏ, கிளாம்பாக்கத்துல பஸ் நிலையம் கட்டுச்சு. 88 ஏக்கர், 400 கோடிக்குக் கிட்டத்தட்ட. 2023 டிசம்பர் 30-ல திறந்தாக. அரமணையாட்டம் இருக்கு, குத்தஞ் சொல்ல முடியாது. ஆனா திறந்த அன்னைக்கு ரயில் ஸ்டேஷனும் இல்ல, அதுக்கு நடந்துபோற பாலமும் இல்ல. அதெல்லாம் பொறவாம். தி.நகர் கதையும் இதான். மாம்பலம் ஸ்டேஷன்ல இருந்து பஸ் நிலையத்துக்கு 2023-ல ஆகாய நடைபாதை போட்டாக, அரை கிலோமீட்டருக்கு மேல நீளம், 28 கோடி. ரங்கநாதன் தெருக் கூட்டத்துல நசுங்காம மேல மேலயே போயிரலாம். உள்ளதச் சொல்லணும், நல்ல காரியம். பாண்டி பஜார்ல 2019-ல நடைபாதைய அகலமாக்குனாக, அதுவும் நல்ல காரியம். பக்கத்துலயே காருக்குப் பல மாடியில ஒரு வீடும் கட்டுனாக. மேல நோகாம நடந்து, கீழ எறங்கி, அப்பறம் நிக்கணும். நிக்கிற நேரத்தக் கொறைக்க ஒரு கோடி போட்டாகளான்னு கேட்டா, 'தாத்தா, அது ஆபரேஷனல் விசயம்'ங்கான். கட்டுறதுன்னா திட்டம், ஓட்டுறதுன்னா செலவு. படிச்சவன் கணக்கு இப்படித்தான் இருக்கு.

இந்த தி.நகரே எப்படி வந்துச்சு தெரியுமா? நூறு வருசத்துக்கு முன்ன அங்க நீளமா ஒரு ஏரி கெடந்துச்சு. 1920-கள்ல அதத் தூத்துத்தான் மாம்பலத்துக்குக் கிழக்க ஊரு உண்டாக்குனாக. ஏரியத் தூத்தது ஞாயமான்னு கேட்டா நான் வாய் தொறக்க மாட்டேன். ஆனா ஊருக்கு நடுவுல பனகல் பூங்காவுக்கு எடத்த விட்டுட்டுத்தான் மனைய வித்தாக. அந்தப் புத்தி இப்பவும் சட்டத்துல கொஞ்சம் மிச்சம் கெடக்கு. 3,000 சதுர மீட்டருக்கு மேல எடம் வச்சிருக்கவன் கட்டணும்னா, பத்துல ஒரு பங்கத் திறந்தவெளியா விட்டு, மாநகராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் குடுக்கணும். 10,000 மீட்டருக்குள்ளன்னா எடத்துக்குப் பதிலாப் பணம் கட்டலாம், அதுக்கு மேலன்னா எடத்தத்தான் குடுக்கணும். பூங்காவுக்கு எடம் வாங்கத் தெரிஞ்ச சர்க்காருக்கு, பஸ்ஸு ஒதுங்கி நிக்க ஒரு முழம் வாங்கத் தெரியாதா? தெரியும்லே. யாரும் கேக்கல.

எங்க கரிசக்காட்டுல ஒரு வழக்கம். கல்யாணத்துக்கு ஊரக் கூப்புட்டவன், ரோட்டுல இருந்து பந்தல் வரைக்கும் ஆளுகளக் கொண்டாரதுக்கு வண்டியும் கட்டணும். 'சாப்பாடு போட்டேன், வண்டிக்கு மட்டும் மொய்யிலருந்து எடுத்துக்கோங்க'ன்னு ஒருத்தன் சொன்னா அவன் வீட்டுக்கு அடுத்த விசேசத்துக்கு எவன் போவான்? ஆளக் கூட்டுனவன் வண்டிய யோசிக்கணும். இதுக்கு ஒரு கன்சல்டன்ட்டு வேணுமா?

வெளிநாட்டுக்காரன் என்ன பண்ணுதான்னு கேப்பியே, அதையும் சொல்லுதேன். இங்கிலாந்துல 1990-ஆம் வருசத்து ஊரமைப்புச் சட்டத்துல 106-ஆம் பிரிவுன்னு ஒண்ணு. பெரிய குடியிருப்பு கட்டுறவன் அந்த ஊரு கவுன்சிலோட ஒப்பந்தம் போடணும். பள்ளிக்கூடத்துக்கு இம்புட்டு, பூங்காவுக்கு இம்புட்டு, அந்தப் பக்கமா பஸ்ஸு விட இத்தனை வருசத்துக்கு இம்புட்டுன்னு. எந்தக் கட்டடத்துல வாங்குன காசோ, அந்த வட்டாரத்துக்குச் செலவு. உடனே 'ஆகா, லண்டன்'னு வாயப் பொளந்துறாத. அங்கயும் ஓட்டை இருக்கு. பில்டர் குடுத்த காசு தீந்த அன்னைக்கு, அந்த பஸ்ஸும் சில ஊருல நின்னு போச்சு. ஏன்? வீடு ஒரு தடவதான் விக்கும். டிரைவருக்குச் சம்பளம் மாசா மாசம் வேணும். ஒருக்கா வாற காச வச்சு ஓயாம ஓடுற வண்டிய ஓட்ட முடியுமாலே?

பிரான்சுக்காரன் இந்த எடத்துல கொஞ்சம் கெட்டிக்காரன். 1971-லயே பாரிசுல ஒரு வரி போட்டான். ஆள் வச்சு வேலை வாங்குற முதலாளி, குடுக்க சம்பளத்துக்கு மேல ஒரு பங்கப் போக்குவரத்துக்குக் கட்டணும். இப்ப 11 பேரோ அதுக்கு மேலயோ வச்சிருக்க எல்லாருக்கும் அது உண்டு. ஒன் ஆளு வேலைக்கு வாரது பஸ்ஸுலதான, அப்ப நீயும் குடு. முடிஞ்சு போச்சு. நம்ம பக்கத்துல பெங்களூர்ல இன்ஃபோசிஸ் அறக்கட்டளை கோணப்பன அக்ரஹாரா மெட்ரோ ஸ்டேஷனுக்கு 200 கோடி குடுத்துச்சு. ஸ்டேஷனுக்குப் பேரையும் சேத்துக்கிட்டாக. பேரு போட செவரு இருந்தா காசு குடுக்க ஆளு உண்டு. பஸ்ஸுக்குக் குடுத்தா பேர எங்க எழுத? டயர்லயா?

அதனால நான் சொல்லுதத கேளு. ஒருக்கா வாற பில்டர் காச ஒருக்கா ஆவுற செலவுக்கு வை. நிழற்குடை, பஸ்ஸு ஒதுங்குற எடம், டிப்போ, வண்டி. மாசா மாசம் ஆவுறதுக்கு, மாசா மாசம் சம்பாதிக்கவன் கிட்டக் கேளு. தி.நகர்ல தீவாளிக்கு முந்துன வாரம் போயிப் பாரு. கடைக்காரருக்கு அம்புட்டுக் கூட்டத்தக் கொண்டாந்து எறக்குறது யாரு? பஸ்ஸும் ரயிலுந்தான்லே. காருல வந்தவன் பாதிப் பேரு வெங்கட்நாராயணா ரோட்டுலயே நிக்கான்.

ஓடுற செலவ அளக்கக் கோலும் இப்ப வந்துருச்சு. 2025 ஜூன்ல வியாசர்பாடி டிப்போவுல 120 மின்சார பஸ்ஸு விட்டாகல்லா? வண்டியும் டிரைவரும் கம்பெனி குடுக்கும். கண்டக்டர் போக்குவரத்துக் கழகத்து ஆளு. ஓடுன கிலோமீட்டருக்கு இம்புட்டுன்னு கழகம் காசு குடுக்கும். அப்ப பஸ்ஸ கிலோமீட்டர் கணக்குல வாங்கலாம்னு ஆவுதுல்லா? பத்து கிலோமீட்டர் தடத்துல நாளைக்கு இருவது நடை கூட விட்டா 200 கிலோமீட்டர். இந்தக் கட்டடத்துக்கு இத்தனை குடும்பம், அதுக்கு இத்தனை கிலோமீட்டர், இத்தனை வருசத்துக்குன்னு பிளான் பாஸ் பண்ணும்போதே எழுதி வாங்கு. அந்தக் காயிதத்த வாசல்ல ஒட்டு. கார் எத்தனைன்னு எண்ணுற அதிகாரிக்கு இதையும் எண்ணத் தெரியாமலா போவும்?

பணத்தப் போட்டு வைக்க உண்டியலும் வேணும், காவலும் வேணும்பாக. காவலுக்கு கும்டான்னு ஒரு போக்குவரத்துக் குழுமம் இருக்குலே. பஸ்ஸு, ரயிலு, மெட்ரோ மூணையும் சேத்துப் பாக்க வேண்டிய எடம். சட்டம் போட்டது 2010-ல. முதல் கூட்டம் கூடுனது 2022-ல. பஸ்ஸுதான் லேட்டா வரும்னு நெனச்சேன், பஸ்ஸப் பாக்க வேண்டிய கூட்டமும் அப்படித்தான் வந்துருக்கு. 2025-ல 'சென்னை ஒன்'னு ஒரு ஆப்பும் விட்டாக. வேண்டாங்கல. வண்டி சைதாப்பேட்டையில நிக்குன்னு போன்ல தெரியும். தெரிஞ்சு? அங்கயே நிக்குன்னு மறுபடி தெரியும். கூட ஒரு வண்டி விட்டா ஆப்ப யாருலே பாப்பா?

'மெட்ரோ வந்துரும் தாத்தா, பஸ்ஸு எதுக்கு'ன்னு மூஞ்சியச் சுளிக்காத. மெட்ரோ ஸ்டேஷன்லதான் எறக்கி விடும். ஒன் வீட்டு வாசலுக்கு யாரு வருவா? தெருவுக்குள்ள போற சின்ன பஸ்ஸு 2013-லயே ஓட ஆரம்பிச்சுது, அது பெருகியிருந்தா இந்தக் கேள்வியே வராது.

'நான்தான் பஸ்ஸுல போறதே இல்லையே'ங்க. அதான பாத்தேன். ஒன் வீட்டுக்குச் சமைக்க வாராகளே கண்ணகி நகர் அக்கா, அவுக எதுல வாராக? ஊருக்குள்ள இருந்த சனத்தக் கொண்டுபோய் ஊருக்கு வெளிய குடிவச்சாச்சு. வேலை மட்டும் அடையாறுலயும் மயிலாப்பூர்லயும். 2021 மே மாசத்துல இருந்து சாதா பஸ்ஸுல பொம்பளையாளுகளுக்கு டிக்கெட்டு இல்ல, புண்ணியம். ஆனா வராத பஸ்ஸுல இலவசமாப் போனா என்ன, காசு குடுத்துப் போனா என்ன? அந்த பஸ்ஸு முக்கா மணி நேரம் பிந்துனா ஒன் காப்பி முக்கா மணி நேரம் பிந்தும். அன்னைக்கு மட்டும் ஒனக்குப் போக்குவரத்துக் கொள்கை மேல கோவம் வரும்.

சரி, கெளம்பு. பில்டர் ஆபீசுக்குப் போயி ஏசியில நல்லா உக்காரு. காப்பி குடுத்தா வாங்கிக் குடி, அதுவும் ஒன் சதுர அடியிலதான் இருக்கு. அப்பறம் மெல்லக் கேளு, 'வசதிக் கட்டணம் எம்புட்டுக் கட்டுனீக? ரசீத காட்டுங்க'. முழிப்பான். முழிக்கட்டும். ரசீதக் கையில வச்சுக்கிட்டு ஒரு வெள்ளக் காயிதத்துல, இந்த வட்டாரத்துல வாங்குன காசுல பஸ்ஸுக்கு எம்புட்டுப் போச்சுன்னு எழுதி, பத்து ரூபா கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்துல அனுப்பு. கோடி ரூபாய்க்கு வீடு வாங்குறவனுக்கு பத்து ரூபா பெருசா? எழுத வரலைன்னா இங்க வா, நான் சொல்லச் சொல்ல எழுது. பேனா மட்டும் நீ கொண்டா. கொண்டாந்துட்டு, அந்தப் பேனாக் காச என் கணக்குல ஏத்திராதலே. பில்டரோட சகவாசம், ஒன்னய நம்ப முடியாது.