செடி அக்காவுக்கு என்ன வாங்குவது?

ஸ்ரீ கெம்பாங்கானில் எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும் வரிசைக்கு ஒரு செடி அக்கா இருப்பார். வீட்டு எண் தெரிய வேண்டியதில்லை. எந்த வீட்டுக் காடி போர்ச்சுக்குள் போக வழியில்லாமல் சாலையோரம் வெயிலில் காய்கிறதோ, அதுதான் அவர் வீடு. போர்ச் முழுக்கச் சட்டிகள். கடையில் வாங்கிய சட்டி நாலைந்துதான் தேறும். மற்றதெல்லாம் மைலோ டின், சாய டின், மீன் வந்த வெள்ளைப் பெட்டி, பேரன் குளித்து வளர்ந்த பிளாஸ்டிக் தொட்டி. நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில் நடந்து போக ஒற்றையடிப் பாதை. அக்காவின் கணவரான அங்கிள் தினமும் வேலைக்குப் போகும்போது வயிற்றை எக்கிக்கொண்டு அந்தப் பாதையைக் கடப்பதைப் பார்த்திருக்கிறேன். அவருடைய உடற்பயிற்சி அது ஒன்றுதான்.

அக்கா பெரும்பாலும் தோட்டத்தில் பிறந்தவர். லயத்து வீட்டுக்குப் பின்னால் முருங்கை, முன்னால் துளசி, வேலியில் வெற்றிலை என்று வளர்ந்தவர்களை லிங்க் வீட்டில் கொண்டு வந்து வைத்தால் கை சும்மா இருக்குமா? எனக்குத் தெரிந்த ஓர் அக்கா பிராங் பெசார் தோட்டத்துக்காரர். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வெள்ளைக்காரர்கள் 1921இல் தொடங்கிய தோட்டம். 1995இலிருந்து அங்கேதான் புத்ராஜெயாவைக் கட்டினார்கள். பல நாடுகளில் இன்றும் நடுகிற ‘பி.பி. 260’ என்ற ரப்பர் ரகத்தில் வரும் ‘பி.பி.’ அந்தப் பிராங் பெசார்தான். இதை அக்காவிடம் சொன்னேன். “ரப்பரை யாரு கேட்டா? எங்க பாட்டி வச்ச கறிவேப்பிலை என்னாச்சின்னு கேளு” என்றார். பிரதமர் அலுவலகத்தின் பச்சைக் குவிமாடத்தைத் தொலைக்காட்சியில் காட்டும்போதெல்லாம் அவர் கண் அந்த மரம் நின்ற இடத்தைத் தேடும்.

தீபாவளி நெருங்கினால் அக்காவின் உறவினர் அனைவருக்கும் ஒரே தலைவலி. மற்றவர்கள் விஷயம் சுலபம்: முறுக்கு டின், புடவை, பிள்ளைகளுக்கு ஊதா உறையில் அங்பாவ். செடி அக்காவுக்கு என்ன கொடுப்பது? ‘செடிப் பைத்தியத்துக்குச் செடிதானே’ என்று ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் வாசலிலேயே தேர்வு எழுத வேண்டியிருக்கும். அக்கா முதலில் பூவைப் பார்க்க மாட்டார். சட்டியைத் தலைக்கு மேல் தூக்கி அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு ஓர் இலையைப் புரட்டி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மாவுப்பூச்சி தேடுவார். கடைசியாகக் கட்டைவிரல் நகத்தால் தண்டை லேசாகக் கீறுவார். உள்ளே பச்சை தெரிந்தால் “ம்” என்பார். அதுதான் நன்றி. செடி உடனே மற்றச் செடிகளோடு போய் உட்கார்ந்துவிட முடியாது. வெளிக் குழாய் பக்கம் இரண்டு வாரம் தனிமைப்படுத்தல். நோய்த் தொற்றுக் காலத்தில் சுகாதார அமைச்சு வகுத்த விதிமுறையெல்லாம் அக்கா வீட்டில் அதற்கு முன்பே அமலில் இருந்தது.

வந்த பரிசுகள் போன கதியைச் சொல்கிறேன். கேமரன் மலைக்குச் சுற்றுலா போன மருமகள் லவெண்டர் வாங்கி வந்தாள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், இரவில் கம்பளி கேட்கும் குளிரில் வளர்ந்த செடி அது. நள்ளிரவிலும் காற்றாடி சுழல வேண்டிய நம் ஊருக்கு அதை அழைத்து வருவது, செடிக்கு ஒருவழி டிக்கெட் எடுப்பதாகும். தீபாவளிக்கு முந்தைய மாலை மழை ஒவ்வொன்றாக வந்து முடிவதற்குள் அது முடிந்துவிட்டது. அண்ணன் மகன் கொடுத்த கள்ளிச் செடிகளை அதே மழை அழுகவைத்தது. பூப்போட்ட கையுறை அடுப்படியில் சூடான தாளிப்புச் சட்டியை இறக்கப் பயன்படுகிறது. மூன்று சின்ன மண்வெட்டிகள் கொண்ட செட் பிரிக்கப்படாமல் அலமாரியில் இருக்கிறது. அக்கா தோண்டுவது பிடி ஒடிந்த பழைய சாதக் கரண்டியால். பிளாஸ்டிக் ஆர்க்கிட் கொடுத்தவரைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

சென்னைக்குப் போய் வருகிறவர்களுக்கு இன்னோர் ஆசை வரும்: “அங்கேருந்து ஒரு மல்லிப் பதியன் கொண்டு போனா அக்கா எப்படிச் சந்தோசப்படுவாங்க!” அக்கா சந்தோஷப்படுவார்தான், விமான நிலையத்தில் இருப்பவர்கள் படமாட்டார்கள். அனுமதிக் கடிதமும், செடிக்கு நோயில்லை என்று அந்த நாட்டு அதிகாரி கொடுத்த சான்றிதழும் இல்லாமல் செடியைக் கொண்டுவருவது குற்றம். வீண் கெடுபிடி என்று சிலர் முணுமுணுப்பார்கள். தென் அமெரிக்காவில் ரப்பர் மரங்களை மொட்டையடித்த இலைக்கருகல் நோய் இந்த மண்ணுக்கு வராமல் இருப்பதற்கு இப்படிப்பட்ட கெடுபிடியும் ஒரு காரணம். ரப்பரில் சோறு தின்று வளர்ந்த குடும்பங்கள் அதைக் குறை சொல்லக் கூடாது.

பரிசாக அக்காவை எங்காவது அழைத்துப் போகலாம் என்று நினைப்பவர் புத்திசாலி. இடத்துக்குப் பஞ்சமில்லை. 1931இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கிய யூபிஎம் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே செர்டாங்கில் இருக்கிறது. அதன் பட்டமளிப்பு விழாச் சந்தைக்குப் பட்டம் வாங்குகிறவர்களைவிடச் செடி வாங்குகிறவர்கள்தான் ஆவலாகக் காத்திருப்பார்கள். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் சுங்கை பூலோ. 1930இல் அங்கே தொழுநோயாளர்களுக்கென்று குடியிருப்பு அமைத்தார்கள். குணமான பிறகும் வெளியுலகம் வேலை கொடுக்காத அந்த மனிதர்கள் பூச்செடி வளர்த்து விற்று வாழ்ந்தார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் பாதி வீடுகளுக்குச் செடி போனது அங்கிருந்துதான். அக்கா பேரம் பேசாத ஒரே இடம் அது. மற்ற இடங்களில் பதினைந்து வெள்ளிச் செடியைப் பத்துக்குக் கேட்டு, பன்னிரண்டுக்கு முடித்து, “அந்த ஒடிஞ்ச கிளையைச் சும்மா குடுங்க” என்று அதையும் பையில் போட்டுக்கொண்டுதான் காடி ஏறுவார். நட்டால் துளிர்ப்பது அந்த ஒடிந்த கிளைதான்.

காசு கொடுத்து வாங்கிய செடி ஒட்டாது என்பது அக்காவின் உறுதியான நம்பிக்கை. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து ஊரே வீட்டுக்குள் அடைந்தபோது, செடி பக்கமே திரும்பாதவர்களும் கெலாடிக்குப் பின்னால் அலைந்தார்கள். ஒற்றை இலை கெலாடிக்குப் பேசப்பட்ட விலையைக் கேட்டு அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “இது எங்க தோட்டத்துல வாய்க்கா ஓரமா கெடக்கும்பா!” அதேபோல் மணி பிளாண்ட் திருடி வைத்தால்தான் வீட்டில் பணம் தங்குமாம். ஆகவே கிள்ளானில் கல்யாணம் என்றால் அக்காவின் கைப்பையில் மொய் உறையோடு சின்னக் கத்தரிக்கோலும் இருக்கும். தன் வீட்டு மணி பிளாண்டைப் பக்கத்து வீட்டுக்காரர் இரவில் கிள்ளுவதும் அவருக்குத் தெரியும். கண்டுகொள்ள மாட்டார், தொழில் தர்மம்.

கொடுப்பதில் அக்காவை மிஞ்ச முடியாது. நீங்கள் முறுக்கு போட்டுக் கொடுத்த டப்பா காலியாகத் திரும்பாது. கறிவேப்பிலைக் கன்று ஒன்று ஈர மண்ணோடு அதற்குள் உட்கார்ந்து வரும். ஆளுக்குத் தகுந்தாற்போல் கொடுக்கத் தெரிந்தவர். பதினெட்டாவது மாடியில் குடியேறிய புதுத் தம்பதிக்கு முருங்கைக் கொம்பு கொடுக்க மாட்டார், பாண்டான் கொடுப்பார். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குக் கங்குங் விதை. மூன்றே நாளில் முளை தெரியும், ஒரு மாதத்தில் சட்டிக்கு வந்துவிடும். அதற்குமேல் குழந்தைகளுக்குப் பொறுமை கிடையாது என்பது அவர் கணக்கு. எதிர்வீட்டுச் சீன அம்மா பெருநாள் முடிந்து குப்பையோரம் வைக்கும் கிச்சிலிச் சட்டியை எடுத்து வந்து, பிழைக்கவைத்து, அடுத்த வருடம் அவருக்கே பரிசாகக் கொடுத்திருக்கிறார். சீன அம்மா அதற்கு அங்பாவ் கொடுத்தார். இருவருக்கும் பரம திருப்தி.

அப்படியானால் இந்த மனுஷிக்கு என்னதான் வேண்டும்? ஒருநாள் வாய்விட்டே கேட்டேன். தயங்காமல் சொன்னார்: “செடி எங்கிட்ட இருக்கு. எரு யாரு குடுக்குறா? தொட்டியைத் தூக்கி வைக்க யாரு வர்றா?”

நான் பார்த்தவரையில் அவர் முகம் நிஜமாகவே மலர்ந்தது இரண்டு முறை. ஒன்று, தங்கை மகன் மோட்டாரின் பின்னால் ஒரு மூட்டை தாஹி ஆயாம், அதாவது கோழி எரு, கட்டிக்கொண்டு வந்தபோது. புதுத் துணியில் இருந்த வீடே மூக்கைப் பிடித்தது. அக்கா மூட்டையைத் தடவிக் கொடுத்தார். இன்னொன்று, தீபாவளிக்குக் குடும்பத்தோடு தெலுக் இந்தானுக்குப் போகும் நாள்களில் நான் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று பக்கத்து வீட்டு மலாய்ப் பையன் சொன்னபோது. ஊற்றுவது மட்டுமல்ல, தட்டுகளில் தேங்கியதைக் கவிழ்ப்பதும் அந்த வேலையில் சேர்த்தி. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். வீட்டில் புழு கண்டுபிடிக்கப்பட்டால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 வெள்ளி வரை கம்பவுண்ட் அபராதம். தீபாவளிச் செலவில் அதையும் சேர்க்க அங்கிள் தயாராக இல்லை.

ஆகவே வாசகர்களே, செடி அக்கா உங்கள் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். இந்த முறை லவெண்டரை மலையிலேயே விட்டுவிடுங்கள். கோழி எரு ஒரு மூட்டை வாங்குங்கள், அரை நாள் சட்டி தூக்கப் போங்கள். ஒன்று மட்டும்: எரு மூட்டையையும் முறுக்கு டின்னையும் காடியின் பின்பெட்டியில் ஒன்றாக வைக்காதீர்கள்.