மாமாவுக்கு எம்

நேற்று இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும் இடத்திலிருந்து ஒரு பிள்ளை கோல் எடுத்தாள். "சேர், பைக்கோட செசி நம்பர சொல்லுங்க." புத்தகத்தில் இருக்கிறதே என்றேன். "இல்ல சேர், வண்டியில உள்ளத பாத்துத்தான் சொல்லணும்." வெளியே மழை. ருவான்வெல்லையில் வேறென்ன இருக்கும்.

பைக்கில் அந்த நம்பர் ஹேண்டில் கழுத்தில் குத்தியிருக்கும். என்னுடையது தோட்டத்து வண்டி. பால் வாளி சுமந்து சுமந்து கழுத்து முழுக்க ரப்பர் பால் சிந்திக் காய்ந்து கறுத்துப் போயிருக்கிறது. நகத்தால் இழுத்தால் நீளும். விட்டால் பழைய இடத்துக்கே போய் ஒட்டிக்கொள்ளும். ஒருவழியாய் உரித்து, சோக் தேய்த்துத் துடைத்ததும் எழுத்துகள் வெள்ளையாய் எழும்பின.

"எம்."

"என்னா சேர்?"

"எம்."

"எண்ணா?"

"எம்! மாமாவுக்கு எம்."

"சரி சேர், மாமா. அடுத்தது?"

"டி."

"பியா?"

"டி. டில்லிக்கு டி."

"பில்லியா சேர்?"

எம்.டி.2 என்றாலே பஜாஜ், இந்தியா என்று ஊருக்கே தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது. 1977இல் ஐ.எஸ்.ஓ.காரர்கள் உட்கார்ந்து பதினேழு எழுத்து என்று விதி செய்தபோது, ஒன்றோடும் சைபரோடும் குழம்பும் என்று ஐ, ஓ, கியூ மூன்றையும் தூக்கிவிட்டார்கள். கண்ணுக்கு யோசித்தார்கள், காதை மறந்துவிட்டார்கள். பி, சி, டி, ஜி, வி எல்லாம் தோட்டத்து சிக்னலில் ஒரே சத்தம். இதையும் விளக்கினேன். "இதுல ஓ வராது தங்கச்சி."

"விளங்குது சேர். இப்ப சொன்னது ஓவா, சைபரா?"

  

இந்த நம்பரை இந்த நாட்டுக்கு மனப்பாடம் ஆக்கியது 2022. எரிபொருள் கியூஆருக்குப் பதிய செசி நம்பர் கேட்டார்கள். பெற்ற பிள்ளையின் பிறந்த நாள் தெரியாதவனும் வாரம் நாலு லீட்டருக்காகப் பதினேழையும் ஒப்பித்தான். அன்றிலிருந்து ஆளாளுக்குச் சோதிடர். பழைய பைக் பார்க்கப் போனால் பாஸுக்கு முன் பக்கத்து வீட்டுக்காரர் குனிகிறார். பத்தாவது எழுத்துத்தான் பெரும்பாலும் வருஷம்: ஜே என்றால் 2018, எல் என்றால் 2020. அடுத்து வரும் எம், என், பி, ஆர் நம் பக்கம் அபூர்வம். 2020 மார்ச்சில் மூடிய வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தானே திறந்தது? ஆனாலும் அவர் எல்லா எழுத்துக்கும் பலன் சொல்வார். ஏ என்றால் 1980ஆகவும் இருக்கலாம், 2010ஆகவும் இருக்கலாம். விற்கிறவன் 2010 என்பான், வாங்குகிறவன் 1980 என்பான். தேநீர் ஆறிப்போகும்.

எங்கள் லயத்துக்கு மேலே இருக்கும் அண்ணன் பாடு இன்னும் மோசம். அவருடையது ஜப்பானில் ஓடிவிட்டு வந்த 121 கொரோலா. அந்த ஊர்க்காரன் தன் நாட்டில் ஓட்டும் வண்டிக்குப் பதினேழு எழுத்தெல்லாம் குத்துவதில்லை. என்.இசட்.இ.121, ஒரு கோடு, ஏழு இலக்கம். அவ்வளவுதான். இன்ஷூரன்ஸ் படிவத்திலோ பதினேழு கட்டம். கோட்டைப் போட்டால் ஏற்காது, கட்டம் காலியாய் இருந்தால் அடுத்த பக்கம் திறக்காது. அண்ணன் கடைசியில் மிச்சக் கட்டமெல்லாம் சைபர் போட்டு நிரப்பினார். உடனே ஏற்றுக்கொண்டது. இப்போது ஒரு காருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. எந்தக் காருக்கு என்று மட்டும் கேட்காதீர்கள்.