சேர்ந்தார் படலம்: ரோபோ அணியில் புதுமுகத்தின் நிலை குறித்து ஓர் ஆய்வு

அமெரிக்கப் பள்ளிகளில் ரோபோ அணியில் சேரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் அந்த ரோபோவுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளப்பதே இவ்வாய்வின் நோக்கம். ரோபோ எப்படி ஓடுகிறது என்று எழுதிக் குவித்துவிட்டார்கள். அதைத் தொடவிடாமல் ஒரு பிள்ளையை எத்தனை வேலைகளில் கட்டிப்போடலாம் என்று முறையாக ஆராய்ந்தார் எவருமிலர். ஒருவேளை இருந்தாலும் நாம் பார்க்கவில்லை. பார்க்காததை இல்லை என்று கொள்வது ஆய்வு மரபு.

ஆய்வுக்களம் 'ஃபர்ஸ்ட்' ரோபோ போட்டி. செக்வே வண்டியைக் கண்டுபிடித்த டீன் கேமன் 1989இல் தொடங்கிய அமைப்பு இதை நடத்துகிறது. 1992இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் 28 அணிகளோடு ஆரம்பித்தது, இன்று மூவாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஜனவரிதோறும் புது ஆட்டம் அறிவிப்பார்கள். 2024இல் ஆரஞ்சு நிற நுரைவளையங்களை எறியவேண்டியிருந்தது. பக்கத்துக்கு மூன்று அணிகளின் மூன்று ரோபோ, ஆட்டம் சுமார் இரண்டரை நிமிடம். ஆட்டத்தின்போது களத்தருகே ஓர் அணியிலிருந்து ஐவருக்கே இடம். முப்பது பேர் உள்ள அணியில் மீதி இருபத்தைந்து பேரின் கதிதான் நம் பேசுபொருள்.

"சேர்ந்தார் எல்லாம் திருகாணி தொடார்;
தொட்டார் அதனைத் தொலைத்தலும் உண்டே"

என்பது நாமே இயற்றிய நூற்பா. 'தொலைத்தல்' என்றதில் ரோபோவின் வயிற்றுக்குள் விழுந்து மோட்டார் ஓடும்போது மட்டும் கடகடவென்று சத்தமிடுவதும் அடங்கும். 'உண்டே' என்ற ஏகாரம் தேற்றம். எல்லா அணியிலும் நடப்பது என்றவாறு.

இனி, புதுமுகம் முதலில் போய்ச் சேரும் இடம் பம்பர். ப்ளைவுட் பலகைமேல் நீச்சல்குளத்தில் பிள்ளைகள் பிடித்து மிதக்கும் நுரைக்குழாய்களை வைத்து, கெட்டித்துணியை இழுத்துப் போர்த்தி, பின்பக்கம் ஸ்டேப்ளர் அடிக்கவேண்டும். எந்தப் பக்கம் ஆடுகிறோமோ அதற்கேற்பச் சிவப்பு அல்லது நீலம். மேலே வெள்ளையில் அணி எண். செயற்கை நுண்ணறிவுக் கனவோடு வந்த பிள்ளை குனிந்து உட்கார்ந்து '8' வெட்டிக்கொண்டிருக்கும். உள்ளே இரண்டு ஓட்டை விழவேண்டும்; கத்தி கொஞ்சம் வழுக்கினால் இரண்டும் ஒன்றாகி '0' ஆகிவிடும், அணியும் வேறு அணியாகிவிடும். மூலைமடிப்பு அதைவிடக் கொடுமை. மெத்தை உறை தைத்தவருக்கே அது படியும். இத்தனைக்கும் பரிசோதகர் பம்பரில் குறை கண்டால் பல ஆயிரம் டாலர் ரோபோ களம் இறங்காது. ஆகவே அணியில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

அடுத்தது வேவு. ஆறு பேர் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து ஆளுக்கொரு ரோபோவைக் கண்கொட்டாமல் பார்த்து, எத்தனை போட்டது, எங்கே நின்றுபோனது என்று குறித்தபடி இருப்பார்கள். தம் அணி ஆடும்போதுகூடக் கைதட்டக் கூடாது, அப்போது பார்க்கவேண்டியது எதிரியை. தகுதிச்சுற்று முடிந்து முன்னணி எட்டு அணிகள் கூட்டாளிகளைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் இந்தக் குறிப்புத்தான் பேசும். கோப்பையோடு படம் எடுத்துக்கொள்வது மட்டும் ஜாய்ஸ்டிக் பிடித்தவர்.

பேட்டரி சுமப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 12 வோல்ட், ஆறு கிலோ, கனக்கும். சார்ஜ் ஏறியது எது, ஏறாதது எது என்பதில் வரும் குழப்பம் தனி ஆய்வுக்குரியது.

இரண்டாம் ஆண்டில் ரோபோவைத் தொடலாமே என்று சிலர் மறுக்கக்கூடும். பொருந்தாது. இரண்டாம் ஆண்டில் அவர்கள் அடுத்த புதுமுகத்துக்கு '8' வெட்டக் கற்றுக்கொடுப்பார்கள்.

எனவே சேர விரும்பும் பிள்ளைகள் ஜாவா படிப்பதற்கு முன்னால் ஊசியில் நூல் கோக்கப் பழகவும். வீட்டில் தையல் மிஷின் இருந்தால் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். எந்த அணியும் உங்களை வேண்டாம் என்று சொல்லாது.